ஷாப் மேட்டு வழியாகத்தான்

அக்டோபர் கடைசி. மாலை ஐந்து மணி. குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி வைத்த மறுநாள்... அதனால் ஐந்துக்கே கும்மிருட்டு. ஷாப் என்ற ஊர் மேட்டுக்கு ஏறும் பழைய சாலை. முன்னால் வண்டி இல்லை, பின்னால் வண்டி இல்லை. இரண்டு பக்கமும் கல் சுவர். சுவருக்கு அப்பால் மூடுபனி, வேறொன்றும் இல்லை.

மெழுகுவர்த்தியை இந்தப் பக்கம் தள்ளுங்கள். இந்தக் கேரவன் வண்டி முகாமுக்கு மின்சாரம் இனி விடிந்த பிறகுதான் வரும். நைஜல், பல்லைக் காட்டாதே. கதை முடிந்ததும் கழிப்பறைக்குத் துணை தேடப் போகிறவன் நீதான்.

இது நம் ஹில்டாவின் தம்பி டெஸ்மண்டுக்கு நடந்தது. லங்காஸ்டரில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றாரே, அவர்தான். அவர் அக்காவிடம் சொன்னார், அக்கா என்னிடம் சொன்னாள். நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அந்தக் காரில் டெஸ்மண்டும் பேத்தி பிரையனியும் இருந்தார்கள். ஓட்டியது பேத்தி. பதினேழு வயது, எல் போர்டு. ஸ்காட்லாந்தின் வடகோடி வரை காரிலேயே போய் வருவதாகத் திட்டம்.

தாயில்லாப் பிள்ளை அது. டெஸ்மண்டின் ஒரே மகள் லோர்னாதான் அவள் அம்மா. பிரையனி கைக்குழந்தையாக இருந்தபோது, இதே ஷாப் மேட்டில், ஆலங்கட்டி மழையில் விறைத்துப் போய்க் கிடந்தாள். "கார்லைல்ல இருந்து கூட்டிட்டு வந்தேன். வழியில பென்ரித் பஸ் ஸ்டாண்டுல இறக்கிவிடச் சொன்னா, விட்டுட்டு வந்தேன்" என்று டெஸ்மண்ட் போலீசிடம் சொன்னார். பென்ரித்தில் இறங்கியவள் மேட்டுக்கு எப்படிப் போனாள்? யாருக்கும் தெரியவில்லை. புருஷன்காரன் குழந்தையைத் தூக்கி மாமனார் கையில் கொடுத்துவிட்டு ஸ்பெயின் பக்கம் போனவன்தான். டெஸ்மண்ட் வளர்த்தார். சடை பின்னக் கற்றுக்கொண்டார். பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஆட்டுக்குட்டி வேஷம் தைத்துக் கொடுத்தார். அந்தப் பெண்ணை விட்டால் அவருக்கு வேறு நாதி இல்லை.

அன்றிலிருந்து அந்தப் பழைய சாலைப் பக்கமே அவர் போனதில்லை. வடக்கே போக வேண்டுமென்றால் அதிவேகச் சாலையான மோட்டார்வேதான்.

அந்தக் கோடை முழுக்கத் திட்டம் போட்டார்கள். சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்து வைத்து, டீயும் பழக் கேக்குமாக. எங்கே தங்குவது, எந்த ஏரிக்கரையில் சாண்ட்விச் தின்பது... சிக்கல் ஒன்றே ஒன்று. பழகுகிற பிள்ளைகள் தாத்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மோட்டார்வேயில் ஏறக் கூடாது. சட்டம்.

"அந்தத் துண்டை மட்டும் நான் ஓட்டறேன் கண்ணு."

"அதெல்லாம் கிடையாது. முழுக்க நீதான் ஓட்டணும்னு சொன்னது யாரு? நீங்கதானே?"

"அப்ப கிர்க்பி ஸ்டீஃபன் வழியாப் போலாம். நல்ல ரோடு."

"ஐயோ, அது ஊரைச் சுத்தற வழி. ஷாப்புன்னு சொன்னாலே ஏன் தாத்தா டீயக் கீழ வெச்சிடறீங்க?"

அவர் வரைபடத்தை மடிக்கத் தொடங்கினார். அவள் எழுந்து வந்து அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அம்மா போன எடத்த ஒரு தடவ பாக்கணும் தாத்தா. நீங்க கூட இருந்தா எனக்குப் பயமில்ல."

மனுஷன் உருகிவிட்டார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் நரகத்துக்கே வழி காட்டியிருப்பார். ஷாப் மேட்டு வழியாகத்தான் என்று முடிவாயிற்று.

இப்போது மறுபடி சாலைக்கு வாருங்கள். கெண்டல் தாண்டி ஏற்றம். வைப்பர் கிரீச்... கிரீச்... என்று தேய்கிறது. முதலில் ஒரு வாசனை வந்தது. புளித்த வாசனை... கடையில் சிப்ஸ் மேல் ஊற்றித் தருவார்களே, அந்த வினிகர்.

"சிப்ஸ் ஏதாவது வாங்கினியா?"

"இல்லியே."

கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்று. நனைந்த கம்பளிக் கோட்டின் வாசனை. டெஸ்மண்ட் திரும்பிப் பார்த்தார். பின் சீட்டில் பைகள்தான். ஆனால் இடது பக்கக் கண்ணாடி மட்டும் உள்பக்கம் ஆவி படிந்து மங்கியிருந்தது... யாரோ அதன் மேல் மூச்சு விட்டுக்கொண்டே வருகிற மாதிரி. மற்ற கண்ணாடிகள் தெளிவாக இருந்தன.

பிரையனி பின்புறம் காட்டும் கண்ணாடியை அடிக்கடி பார்த்தாள். "நல்ல பழக்கம் கண்ணு" என்று பாராட்டினார் அவர், பாவம். அவள் சிரித்தாள். சிரிப்பு அவரைப் பார்த்து இல்லை. கண்ணாடியைப் பார்த்து.

மேட்டு உச்சியில் வண்டி நிறுத்த ஒரு ஒதுக்கிடம் உண்டு. இண்டிகேட்டர் டிக்... டிக்... அங்கே ஒதுக்கி நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

"இங்கதானா தாத்தா?"

"எது?"

"அம்மாவ இறக்கிவிட்டது."

"பென்ரித்துல... பஸ் ஸ்டாண்டுல..."

"இறங்குங்க."

"மழை கொட்டுது கண்ணு!"

"'இறங்கி நட. நடந்தாத்தான் புத்தி வரும்.' அன்னிக்கு நீங்க சொன்னது இதுதானே? அவங்க மடியில சிப்ஸ் பொட்டலம் பிரிக்காம இருந்துச்சு. கோட்டுக்குப் பட்டன் போடக்கூட விடல நீங்க."

அன்று அந்தக் காரில் இருந்தது இரண்டே பேர். மோட்டார்வே மூடியிருந்ததால் இந்த வழியாக வந்தார்கள். புருஷன் அடிக்கிறான், வீட்டில் இருக்கும் குழந்தையை எடுத்துக்கொண்டு கார்லைலுக்கே திரும்பிப் போய்த் தோழியோடு இருக்கப் போகிறேன் என்றாள் மகள். ஊர் சிரிக்கும் என்றார் அப்பா. வாய்ச்சண்டை முற்றியது. இதே இடத்தில், இதே வார்த்தைகளைச் சொல்லி இறக்கிவிட்டார். கொஞ்சம் நடக்கட்டும், திரும்பிப் போய் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். கெண்டல் வந்தது, கோபம் அடங்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். அந்த இரவு வரை இதை அவர் ஓர் உயிரிடமும் சொன்னதில்லை.

"உனக்கு... யாரு சொன்னா?"

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அம்மாதான் சொல்லுவாங்க. தாத்தாவ ஒரே ஒரு தடவ அங்க கூட்டிட்டு வாடின்னு. வண்டி ஓட்டற வயசு வரட்டும்னு நான்தான் சொல்லிட்டே இருந்தேன்."

அப்படியானால் அந்தக் கோடை? அந்த வரைபடம், கேக், தோளில் சாய்ந்த தலை? எல்லாம் இவரை இங்கே கொண்டு வந்து சேர்க்கத்தானா? பாலூட்டி வளர்த்த பிள்ளை தன்னை ஏமாற்றிவிட்டது என்று கொதித்தார். அந்த நிமிஷத்தில்கூட மகள் நினைப்பு வரவில்லையாம். 'எனக்கா இப்படிச் செய்தாய்' என்ற நினைப்புத்தானாம். இதை அவரே வெட்கப்பட்டுக்கொண்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

இறங்கினார். கதவு சாத்திக்கொண்டது. காரின் பின்பக்கச் சிவப்பு விளக்குகள் மூடுபனிக்குள் போய்... அணைந்தன.

நடந்தார். ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக்கென்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆடு இருமியது, மனுஷன் இருமுவது போலவே. விரல் மரத்தது, பிறகு காது மரத்தது. ஒரு இடத்தில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. உட்கார்ந்தும் விட்டார். அப்போதுதான், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, "லோர்னா" என்று வாய்விட்டு அழுதார்.

எவ்வளவு நேரமோ... வெளிச்சம் வந்தது. அதே கார். பக்கத்தில் வந்து நின்றது. ஜன்னல் இறங்கியது. பிரையனியின் முகமெல்லாம் கண்ணீர்.

"நான் திரும்பி வந்துட்டேன் தாத்தா. அன்னிக்கு நீங்க வரல."

அவர் தட்டுத் தடுமாறி எழுந்தார். சுற்றி வந்து முன் கதவின் பிடியில் கையை வைத்தார். பூட்டியிருந்தது.

"அங்க வேணாம். பின்னாடி ஏறிக்குங்க."

குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். முன் சீட்டில் யாரும் இல்லை. ஆனால் பெல்ட் குறுக்கே மாட்டியிருந்தது. தொய்வில்லாமல்... விறைப்பாக... அந்தரத்தில்.

அது மெல்ல எழும்பியது... தாழ்ந்தது... மறுபடி எழும்பியது.