முதல் வரியிலிருந்து

திண்டுக்கல்லில் காலேஜ் திறந்த புதிது. நிலக்கோட்டை வழியாகத் திண்டுக்கல் போகும் காலை பஸ்ஸில், என் முன்சீட்டில் பி.காம். படிக்கும் இரண்டு பையன்கள். அன்றைக்கு அவர்களுக்குப் பரீட்சை. ஜன்னலோரம் இருந்த காதர், மடியிலிருந்த தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைத் தட்டிக்கொண்டே சொன்னான்:

"இத நான் இன்னும் படிக்கல மாப்ள. மனப்பாடம் மட்டும்தான் பண்ணிருக்கேன்."

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

"அம்புட்டையுமா?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"பின்ன? பெயிலானா அத்தா மண்டியில தோலுக்கு உப்புத் தடவ விட்ருவாரு."

"அப்ப இன்சூரன்ஸ் பாடத்துல நஷ்டஈடு பத்திச் சொல்லு."

"நடுவுல கேட்டா வராது. பாடத்தோட முதல் வரியில இருந்து ஆரம்பிச்சாத்தான் வரும்."

"பரீட்சையில நடுவுல இருந்துதான கேப்பான்?"

"முதல்ல இருந்து எழுதிக்கிட்டே வருவேன். எங்கயாச்சும் பதில் வந்துரும்ல."

"வந்துருச்சுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கு எதுக்குத் தெரியணும்? திருத்துறவருக்குத் தெரிஞ்சாப் போதும்."

நிலக்கோட்டையில் மல்லிகைக் கூடைகளை மேலே ஏற்றினார்கள். பஸ் கிளம்பியதும் பக்கத்துப் பையன் கேட்டான்:

"ஏலே, எந்தப் பாடம்னு கேள்வியப் படிச்சாத்தான தெரியும்? அதுவும் இங்கிலீஷ்லதான இருக்கும்?"

திண்டுக்கல் மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரிந்ததும் காதர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

"பரீட்சையில உனக்கு எந்த வரிசையில சீட்டு மாப்ள?"