மொந்தரேலாவில் முளைப்பாரி

— ஏழு கன்னிமாரா? இத்தாலியிலயா வேலண்ணே?

— கன்னிமாருக்கு எந்த ஊரா இருந்தா என்ன தாயி? தண்ணி கெடந்தா அங்க இருப்பாக.

— விளையாடாதீங்க. ரிசப்ஷனை விட்டுட்டுப் படகுத்துறை வரைக்கும் நான் சும்மா நடந்து வரல. மொந்தரேலாவுல இருந்து ஒரு அம்மா மெயில் போட்டிருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை இங்க நம்ம சக்குபள்ளத்துக்கு வருதாம். நீங்க சொன்ன கதையைப் பத்திப் பேசணுமாம்.

— நெசமாவே அப்படி ஒரு ஊரு இருக்கா?

— பின்னே? முதலாளி டிஜோ சார் டூர் போயிட்டு வந்து நம்ம ரிசார்ட்டுக்குப் பேர் வெச்சாரே, அந்த ஏரிக்கரை ஊருதான்.

— அவரா இட்டுக்கட்டுன பேருன்னுல நெனச்சேன். என்னத்தச் சொல்ல. ஏலத்தோட்டத்துக்குப் பாய்ச்ச வெட்டுன குளம் இது. சுத்தி நாலு ரூமுக்கு மஞ்சப் பெயிண்டு அடிச்சு ஏரின்னுட்டாரு. படகுல ஏறுறவன் அந்த ஊரு சரித்திரம் என்னன்னு கேக்குறான். சார்கிட்டக் கேட்டா, ஏதாச்சும் சொல்லுய்யாங்கறாரு. எனக்குத் தெரிஞ்சது எங்க ஊரு சரித்திரம். அதைத் தூக்கி அங்க வெச்சேன்.

— வெச்சதை முழுசாச் சொல்லுங்க. ஒண்ணையும் விடாதீங்க.

— முந்நூறு வருசத்துக்கு முன்னாடி மழை இல்ல. ஏரி வத்திப்போச்சு. ஒரு மீன்காரி கனவுல கன்னிமாரு ஏழு பேரும் வந்து, முளைப்பாரி போட்டு ஏரியில கரைங்கடின்னாக. கரைச்சாக. மழை ஊத்திருச்சு.

— அவ்வளவுதானா?

— முளை போட்ட அறையை ஆம்பளை எட்டிப் பாக்கக்கூடாதுன்னும் சொன்னேன். உன் மதினி ராமுத்தாய் வருசா வருசம் போடுதுல்ல, என்னைய வாசப்படி மிதிக்க விடாது. அதனால, எட்டிப் பாத்த ஊர்த்தலைவருக்கு ஏழு நாள் கண்ணு தெரியலைன்னு சேத்துக்கிட்டேன்.

— மூணு வருசம் முன்னாடி ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வந்தாரே, நாலு நாளும் உங்க படகுலயே சுத்துனாரு?

— ஆமா, கூட வந்த கைடு இங்கிலீசுல எடுத்துச் சொல்ல, நோட்டுல எழுதிக்கிட்டே வருவாரு. நல்ல மனுசன்.

— எந்த ஊருன்னு கேட்டீங்களா?

— கேக்கலையே.

— மொந்தரேலா. அங்க வாத்தியாரு. ஊர்ச் சரித்திரம் எழுதறவரு. பேரைப் பாத்துட்டுத்தான் இங்க ரூம் போட்டிருக்காரு.

— ஆத்தாடி. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாரே பாவி மனுசன். ஒரு வார்த்தை சொல்லப்படாதா?

— டிஜோ சாரும் மெயிலைப் படிச்சுட்டாரு.

— சங்கரி, இங்க வேலைய விட்டு நிப்பாட்டிட்டா நான் திரும்ப ஏலத்துக்கு மருந்தடிக்கத்தான் போகணும். இருமி இருமி ரத்தம் வந்த நெஞ்சு இது. இனி மருந்து டப்பாவைத் தொட்டா ஆள் இருக்க மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பயமா இருக்கு தாயி. அந்த அம்மாகிட்ட நீ இங்கிலீசுல சொல்லு.

— என்னன்னு சொல்ல?

— படகுக்காரன் தெரியாம அவன் ஊருச் சரித்திரத்தை உங்களுக்குக் குடுத்துட்டான், திருப்பிக் குடுத்துரச் சொல்றான்னு.

— திருப்பித் தர மாட்டாங்கண்ணே. வாத்தியாரு புத்தகமாவே போட்டுட்டாரு. நாம மறந்துபோன சரித்திரத்தை இந்தியாவுல ஒரு படகுக்காரர் காப்பாத்தி வெச்சிருக்காருன்னு. ரெண்டு வருசமா அங்க பொம்பளைங்க முளைப்பாரி எடுக்கறாங்களாம்.

— ஏரியிலயா கரைக்கிறாக?

— ஏரியிலதான். ஆனா முளை நம்மளுது மாதிரி மஞ்சளா வரலையாம், பச்சையா வருதாம். எங்க தப்பு பண்றோம்னு கேக்கத்தான் அந்த அம்மா வருது.

— வெளிச்சத்துல வெச்சிருப்பாக கூறுகெட்டவுக. சன்னலைச் சாத்தி இருட்டுல வெக்கணும். நான் ஒரு நடை போய்ச் சொல்லிக்குடுத்தா... ஏ சங்கரி, அப்ப வேலை போகலையா? என்னையக் கூப்பிடத்தான் வர்றாகளா?

— வேலை போகல, டிக்கெட்டும் போடறாங்க. ஆனா அந்த அறையை ஆம்பளை எட்டிப் பாக்கக்கூடாதுன்னு புத்தகத்துல இருக்காம்ண்ணே. டிக்கெட்டு ராமுத்தாய் மதினிக்கு.