மூன்றாவது வளைவில் செவர்லே

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்கு ஜீப்மேல் எந்தப் பகையும் இல்லை. நல்ல வண்டி. என் மச்சான் வீரய்யா வைத்திருப்பது நாற்பத்து நாலாம் ஆண்டு வில்லீஸ். அறுபது குதிரைத் திறன்தான். ஆனாலும் சறுக்கு மண்ணில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். பொகவந்தலாவைக்கு இறங்கும் எங்கள் தேயிலைத் தோட்டப் பாதையில் எந்த வளைவையும் ஒரே மூச்சில் திரும்பும். உட்கார்ந்திருப்பவருக்குத்தான் இடுப்பு கழன்றுவிடும்.

என்னுடையது ஐம்பத்தேழாம் ஆண்டு செவர்லே. ஆறு சிலிண்டர், சக்தி இரண்டு மடங்குக்கு மேல். கல்யாண மாப்பிள்ளைகள் இதைத்தான் கேட்பார்கள். நீளம் கொஞ்சம் அதிகம் என்பதால் வளைவில் ஒரு தடவை பின்னுக்கு எடுத்துத் திருப்ப வேண்டும். "மாப்ள, இன்னைக்குத் திரும்பிருமா, நாளைக்கு வரட்டா?" என்பார் மச்சான். எட்டு வருடம் இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது.

போன ஞாயிறு போட்டி வைத்தோம். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து கீழே பசார் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்ப வேண்டும். முனியாண்டிக்குக் கற்பூரம் காட்டாமல் மச்சான் சாவி போடமாட்டார். அவர் கோயிலுக்குப் போன நேரத்தில் ஜீப்பின் பானட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து ரோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கட்டைவிரல் அளவுச் சாமான். அது இல்லாமல் எஞ்சின் பிடிக்காது.

பிடிக்கவில்லை. மச்சான் பானட்டைத் திறந்து பார்த்தாரா? இல்லை. "சாமி குத்தம்டா" என்று புதிதாக நான்கு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.

அப்போதுதான் நிறைமாதமாக இருந்த அவர் மகள் பூரணிக்குப் பிரசவ வலி கண்டது. ஆம்புலன்ஸ் எங்கள் பாதையில் ஏறாது. நான் அவளுக்குத் தாய்மாமன். செவர்லேயில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மச்சான் ஜீப்போடு மல்லுக்கட்டிக்கொண்டு மேலேயே நின்றார்.

மூன்றாவது வளைவில் பின் சக்கரம் ஓரத்துத் தண்ணீர்க் கானில் இறங்கிவிட்டது.

"மாமா, அப்பாவ ஜீப்ப எப்படியாச்சும் கொண்டாரச் சொல்லுங்க. முடியல."

மேலே ஓடினால் ஐந்து நிமிடம். ரோட்டரை மாட்ட அரை நிமிடம்.

"ஜீப்பு ஆட்டும் தாயி. நீ வசதியா சாஞ்சுக்க" என்றேன்.

ஒன்றரை மணி நேரம் போனது. வழியில் போன ஒருவர் சொல்லி, மிட்வைஃப் மிஸ் கீழேயிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். பிறந்த பிள்ளை அழவில்லை. அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நானும் முனியாண்டியைக் கும்பிட்டேன், இந்தத் தடவை பொய் இல்லை. பிறகு அழுதது. ஆண்பிள்ளை. பிள்ளையைச் சுற்ற என் சட்டையைத்தான் கழற்றிக் கொடுத்தேன். பையிலிருந்த ரோட்டர் உருண்டு, அப்போதுதான் சேதி கேட்டு ஓடிவந்து நின்ற மச்சானின் காலடியில் விழுந்தது.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ரோட்டரைக் கழற்றியது நான். அவள் கெஞ்சியும் கொடுக்காமல் இருந்ததும் நான்தான். ஆனால் நியாயமாக இதையும் எழுதுங்கள்: அந்த ஒன்றரை மணி நேரமும் செவர்லே ஒரு குலுக்குக்கூடக் குலுக்கவில்லை.