பிளேன்ல ஒரு மணி நேரம்

— இன்னும் செங்கல்பட்டு டோல்கேட்டா? அரை மணி நேரமா இதையே சொல்றியே பிரசன்னா, அங்கேயே குடித்தனம் வெச்சுட்டியா?

— லைன் நகரலைக்கா. நான் இன்னா பண்ண?

— வாயில நல்லா வருது எனக்கு. கோயம்புத்தூர்லேந்து பிளேன்ல ஒரு மணி நேரம்டா! டிக்கெட்டே போட்டு அனுப்பினாரு உன் மச்சான். அதை வேணாம்னுட்டு ராத்திரி பூரா கார் ஓட்டிக்கிட்டு வர்றானாம், பெரிய ரோஷக்காரன்.

— ஒரு மணி நேரம்ன்றது ஆகாசத்துல. ஏர்போர்ட்டாண்ட ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய் குந்தணும். மீனம்பாக்கத்துல எறங்கினா தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர்னு ஜிஎஸ்டி ரோட்டுல நசுங்கி சிங்கப்பெருமாள் கோவில் வர்றதுக்குள்ள பேஜாராயிடும். அதெல்லாம் யார் கணக்குல சேக்குறது?

— எல்லாத்தையும் சேர்த்தாலும் ரோட்டுல வர்றதுல பாதிதான். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அளக்காத.

— தாய்மாமன் சீரை பிளேன்ல மடியில வெச்சுகினு வரணுமா? வாழைத்தாரை எங்க வெப்பாங்க?

— சீரை யாருடா கேட்டா? என் பொண்ணு ஸஹானாவுக்குக் காது குத்த உன் மடிதான்டா வேணும்! இங்க கோவில்ல ஆசாரி ஊசியோட உக்காந்திருக்காரு, நல்ல நேரம் முடியப் போகுது. கோயம்புத்தூர் என்ன அமெரிக்காவுலயா இருக்குன்னு என் மாமியார் எல்லார் எதிர்லயும் கேக்குறாங்க. சிட்டிபாபு மடியில வெச்சுக் குத்திடலாம்னு உன் மச்சானும் சொல்லிட்டாரு.

— உன் கொழுந்தன் மடியிலயா? சித்தப்பன் எப்படிக்கா மாமனாவான்?

— வராதவனுக்கு எதுக்கு இந்தக் கேள்வி?

— ஒழுங்கா கூப்பிட்டாங்களா? வாட்ஸாப்புல டிக்கெட்டைத் தள்ளி வுட்டா அதான் அழைப்பா? வூடு தேடி வந்து வெத்தலை பாக்கு வெச்சாரா? வாய்யான்னு ஒரு வார்த்தை?

— அதுக்காக கோயம்புத்தூர் வரைக்கும் வருவாராக்கும். மறைமலை நகர்ல ஷிப்ட் முடிச்சு வீட்டுக்கு வரவே அவருக்கு நேரமில்ல.

— பிளேன்ல ஒரு மணி நேரம்தானேக்கா!

— திமிரு. உடம்பெல்லாம் திமிரு. அம்மா போனப்புறம் எனக்குன்னு இருந்தது நீ ஒருத்தன்டா. இன்னிக்கு ஸஹானா சிட்டிபாபு மடியில உக்காந்துட்டா அப்புறம் எதுக்குமே நீ மாமன் கெடையாது. கல்யாணத்துக்குக்கூட வராத. முடிச்சூர்ல எங்க வீட்டுப் படிய மிதிக்காத.

— அக்கா, குத்த வுடாதக்கா. கொஞ்சம் நிறுத்தச் சொல்லு.

— எவ்வளவு நேரமாகும்? உண்மையைச் சொல்லு.

— நேரமே ஆவாது. விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டேன். கோவில் வாசல்லதான் வண்டியப் போட்டுகினு குந்தியிருக்கேன்.

— பாவி! அப்புறம் எதுக்குடா டோல்கேட்டுன்னு புளுகின?

— உன்கிட்ட சொன்னா நீயே ஓடியாந்து கூட்டினு போயிடுவ. கூப்பிட வேண்டியது மச்சான். வருவாருன்னு இருந்தேன். வந்தாருக்கா. கார் கண்ணாடியாண்ட குனிஞ்சு என் மூஞ்சிய நல்லா பாத்தாரு. அங்கேயே நின்னுகினு சிட்டிபாபுவுக்கு போன் போட்டாரு. மாமன் வரல, நீயே உக்காருன்னாரு.

— ஆசாரி, ஊசியைக் கீழ வைங்க. ஏங்க, இங்க வாங்க. வாசல்ல யாரைப் பாத்துட்டு வந்தீங்க?