சாரதாம்பாள் காட்டிய ஐந்து விரல்

எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து எழுத வராது. நடந்துகொண்டே பேசினால் வரும். டைப் செய்து கொடு என்று நீங்கள் சொன்னதால் உட்கார்ந்திருக்கிறேன், மேடம். காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன் என்று கான்ஸ்டபிள் முறைக்கிறார். பயம் இல்லை, பழக்கம்.

பெயர் ஜெபக்குமார். சமூகப்பணி படித்தவன். சதுரங்கப்பட்டினத்தில் கடலைப் பார்த்தபடி ஒரு முதியோர் இல்லம், அதில் வேலை. அங்கே இருப்பவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளப்பது என் பொறுப்பு. சிரிக்காதீர்கள், அளக்க முடியும். நன்றாகத் தூங்கினீர்களா, சாப்பாடு பிடிக்கிறதா, நாளைக்கு எழுந்திருக்க ஆசையாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை கேட்பேன். அவர்கள் விரல் காட்டுவார்கள். ஒரு விரல் என்றால் மோசம், ஐந்து என்றால் பிரமாதம். இந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு போட்டதில்லை.

எல்லாரையும்விட அதிக விரல் காட்டுபவர் முனிசாமி. கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். மனைவி, பிள்ளை யாரும் உயிரோடு இல்லை. எப்படி இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எனுக்கு யார் வரப்போறா நைனா? சோறு வருது. அதுக்கு வாசல்ல போயி நிக்கணுமா இன்னா?"

சாரதாம்பாள் நேர்மாறு. செங்கல்பட்டில் கணக்கு டீச்சராக இருந்தவர். ஒரே மகன் ஸ்ரீவத்ஸன், கனடாவில். இல்லத்துக்கு வரும் அழைப்பெல்லாம் என் போனில்தான் வரும், அப்படித்தான் ஏற்பாடு. மகன் கூப்பிடும் ஞாயிறன்று காலையிலேயே நல்ல புடவை கட்டிக்கொண்டு என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிடுவார். மகன் கூப்பிட மறந்தால் சாப்பாடு இறங்காது. மறுநாள் கேள்வி கேட்டால் ஒரு விரல் காட்டுவார். அதையும் பாதி மடக்கி.

"அரைதான். சாம்பார்ல உப்பே இல்லே. இதுக்கெல்லாம் முழு மார்க் போட முடியாதுடா கொழந்தே."

நான் யோசித்தேன். நடந்து நடந்து யோசித்தேன். இவர்களைத் தின்பது தனிமை இல்லை, காத்திருப்பு. முனிசாமிக்கு அது இல்லை, அதனால் தூங்குகிறார். அதை எடுத்துவிட்டால் போதும்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஸ்ரீவத்ஸன் கார் விபத்தில் இறந்துவிட்டார் என்று சாரதாம்பாளிடம் சொன்னேன். காரியமெல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது என்றும் சொன்னேன். இல்லாவிட்டால் அதற்கும் காத்திருப்பார்.

அவர் அழவில்லை. "ஸ்நானம் பண்ணணும்," என்றார். கிணற்றில் நானே தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன். கட்டிய புடவையோடு தலையில் ஊற்றிக்கொண்டு சாவுத் தீட்டைக் கழித்தார். நர்ஸ் சாராள் அக்காதான் ஓவென்று அழுதார்.

ஸ்ரீவத்ஸனிடம், அம்மாவுக்கு ஞாபகமெல்லாம் போய்விட்டது, உங்கள் குரல் கேட்டால் மிரளுகிறார், நான் போட்டோ அனுப்புகிறேன் என்றேன். நம்பினார். அவருக்குக் கொஞ்சம் நிம்மதியானது போலக்கூட இருந்தது.

அடுத்த முறை சாரதாம்பாளிடம் கேள்வி கேட்கப் போனேன். தூக்கம்? ஐந்து விரல். சாப்பாடு? ஐந்து. மூன்றாவது கேள்வியை முடிப்பதற்குள் ஐந்து விரலும் விரிந்திருந்தன. சந்தோஷத்தில் அன்று சாயங்காலம் மாமல்லபுரம் வரை சும்மா பைக் ஓட்டிவிட்டு வந்தேன்.

முனிசாமி மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தம்மா சண்டையே போட மாட்டேங்குது நைனா. நேத்து கொயம்புல உப்பே இல்ல, கம்முனு துன்னுட்டுப் போவுது. இன்னான்னு பாரு."

"அதுதான் முன்னேற்றம்," என்றேன்.

"இன்னா முன்னேற்றமோ," என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

சாராள் அக்காவும் கேட்டார். "இன்னாடா ஜெபா, மாசத்துக்கு ஒரு சாவு சேதி வந்துகினே கீது? நீ போன எடுத்தாலே இன்னிக்கு யாருன்னு கேக்கத் தோணுதுடா." சிரித்து வைத்தேன். இல்லத்தின் விரல் சராசரி அவ்வளவு உயரத்தில் அதற்கு முன் இருந்ததே இல்லை.

போன வாரம் ஸ்ரீவத்ஸன் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். சாரதாம்பாள் தாழ்வாரத்தில் முனிசாமியோடு உட்கார்ந்திருந்தார். வாசல் கேட் அருகே நின்றவரை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் முனிசாமி பக்கம் திரும்பினார்.

"அங்க யாராவது நிக்கறாளா? ஒமக்குத் தெரியறதா?"

"நிக்கிறாரும்மா. கண்ணாடி போட்டுகினு, தோள்ல பை மாட்டிகினு."

மகன் ஓடிவந்து மண்டியிட்டார். அவர் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார் சாரதாம்பாள். "உனக்கு ஸ்நானம் பண்ணிட்டேனேடா," என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அப்படியே நாற்காலியிலிருந்து சரிந்தார். செங்கல்பட்டுக்குப் புறப்பட்ட ஆம்புலன்ஸ் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

வருகிறேன் என்று ஸ்ரீவத்ஸன் எனக்கு ஒரு போன் செய்திருந்தால் அந்த அம்மா இன்றைக்கும் இருந்திருப்பார். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில், ஆமாம், சொன்னது நான்தான். சாரதாம்பாளிடம் மட்டும் இல்லை, இல்லத்தில் மற்றவர்களிடமும். கோபாலகிருஷ்ணன் சாரின் மகள் உயிரோடுதான் இருக்கிறார். எல்லம்மாளின் இரண்டு பையன்களும் இருக்கிறார்கள். மற்றவர்களின் பிள்ளைகளும் அப்படித்தான். அந்தப் பெரியவர்களிடம் இன்னும் யாரும் உண்மையைச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். எல்லாரும் ஐந்து விரல் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு உதவி, மேடம். திருப்போரூரில் எங்கள் அம்மா தனியாக இருக்கிறார். நேற்றிலிருந்து நான் பேசவில்லை. நிலைகொள்ளாமல் தெருவுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருப்பார். நான் எங்கே என்று கேட்டால், சீக்கிரம் வந்துவிடுவான் என்று சொல்லுங்கள். வரமாட்டான் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். தாங்கமாட்டார்.