நாற்காலிக் கடையில் தளபதி

இல்ல சார், நீங்க உக்காருங்க, நல்லா சாஞ்சு உக்காருங்க. நான் எங்க உக்கார்றது? உக்காந்தா வேலை போயிரும்! கடை முழுக்க நாற்காலி... சுத்துற நாற்காலி, சாயுற நாற்காலி, கால் நீட்டுற நாற்காலி... நடுவுல நான் மட்டும் கொக்கு மாதிரி! சாயங்காலம் செருப்புக்குள்ள கால் நுழையாது சார். வீட்டுக்காரர் கேக்குறாரு, "நீ நாற்காலிக் கடையிலதானே வேலை பாக்குற?"ன்னு. என்னத்தைச் சொல்ல!

எல்லாம் அதோ, அந்தப் படத்துல இருக்காரே தளபதி, அவரால வந்த வினை. அந்தக் காலத்துல படை நடத்தி நாட்டையே ஆண்டாராம். ஆண்டுட்டுப் போகட்டும், எனக்கென்ன? எங்க முதலாளிக்கு அவருன்னா உசிரு. மீசையைக்கூட அதே மாதிரி முறுக்கி விட்டிருக்காரு... அவருக்கு எடுப்பா இருந்துச்சு, இவருக்கு... சரி விடுங்க, சம்பளம் குடுக்குறவரு. தினம் வாசல் பலகையில தளபதியோட பொன்மொழி ஒண்ணு எழுதணும். என் கையெழுத்து முத்து முத்தா இருக்குமா, அந்த வேலையும் என் தலையில! அவரோட பொன்மொழிப் புஸ்தகத்துல இருந்ததெல்லாம் போன மாசமே எழுதித் தீந்துபோச்சு. "அவ்வளவு பெரிய மனுஷன் அதோட நிறுத்தியிருப்பாரா? தேடி எழுதும்மா"ங்குறாரு!

கைப்பிடி தேக்கு சார், தடவிப் பாருங்க.

கல்லாவுல இருக்காளே, அவ முதலாளியோட மச்சினி. காலையில மெத்தை போட்டு உக்காந்தான்னா அவ்வளவுதான். ஒரு துணி எடுத்துத் தூசி தட்ட மாட்டா. எனக்குப் பத்திக்கிட்டு வரும்! அப்பதான் 'உட்கார்ந்தவன் தோற்றான், நின்றவன் வென்றான்'னு பலகையில வந்துச்சு. முதலாளிக்குப் புல்லரிச்சுப் போச்சு! "இனிமே ஒருத்தரும் உக்காரக் கூடாது"ன்னுட்டாரு. மச்சினிக்கு மட்டும் விலக்கு... கல்லாப்பெட்டி தாழ்வா இருக்காம்!

அதை அழிக்கவும் விட மாட்டேங்குறாரு. அன்னையிலேருந்து ஒரு நாற்காலிகூடப் போகல சார். வர்றவங்க பலகையைப் படிக்கிறாங்க, நெஞ்சை நிமித்துறாங்க, வந்த வழியே போயிடுறாங்க. என்ன மாயமோ! இன்னிக்கு ஒண்ணாவது விக்கலன்னா நாளைக்கு வராதேன்னுட்டாரு. நல்லவேளை, நீங்க பலகையைப் பாக்காம பக்கத்துக் கதவு வழியா...

என்ன சார் எந்திரிச்சிட்டீங்க? அய்யய்யோ, நானே வாயால சொல்லித் தொலைச்சிட்டேனா! நீங்களும் நெஞ்சை நிமித்துறீங்களே! சார், அது தளபதி சொன்னதே இல்ல! மச்சினியை எழுப்புறதுக்கு நான் எழுதுனது! படத்தைப் பாருங்க சார், குதிரை மேல எப்படி ஜம்முனு உக்காந்திருக்காரு! அவரா இப்படிச் சொல்லுவாரு?... சார்! சார், ஒரு நிமிஷம் உக்காந்துட்டாவது போங்க சார்!