அப்பாவோட கடவாப்பல்லு

இல்லப்பா, பல்லப் புடுங்கல. எத்தன தடவ சொல்றது? புடுங்காம காப்பாத்தத்தான் இவ்வளவு பாடும். வாயத் தொறங்க. இன்னும் கொஞ்சம். வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்கறப்ப தெருக்கோடி வரைக்கும் கேக்கற மாதிரி கத்துவீங்கல்ல, அந்த வாய்தானே இது? ம், அப்படி.

ஊசி போட்டாச்சு. நிஜமாத்தான். எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குன்னுச்சே, அதுதான் ஊசி. உதடு வீங்கிப்போன மாதிரி இருக்கா? வீங்கல, மரத்துப்போச்சு. சந்தேகமா இருந்தா கண்ணாடில பாருங்க. அதே மூஞ்சிதான், கவலப்படாதீங்க.

காலத் தளர்த்துங்கப்பா. அங்க பிரேக் இல்ல. உங்க டிரைவிங் ஸ்கூல் காரு மாதிரி ஆளுக்கொரு பிரேக் இங்க கெடையாது. இங்க டிரைவர் நான் ஒருத்திதான், நீங்க சும்மா உக்காந்து வாங்க. எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்தப்ப என்ன சொன்னீங்க? பயந்தா மூச்சப் புடிக்காத, மூச்ச விடுன்னுதானே? விடுங்க. என் மூஞ்சி மேல இல்ல, மூக்கு வழியா.

இப்ப ஒரு ரப்பர் ஷீட் மாட்டப் போறேன். இந்த ஒரு பல்லு மட்டும் வெளிய தெரியும், மிச்ச வாயெல்லாம் மூடிக்கும். எச்சில் பல்லுக்குள்ள போகக்கூடாது, மருந்து தொண்டைக்குள்ள எறங்கக்கூடாது, அதுக்குத்தான். இதுக்கப்புறம் நீங்க பேச முடியாது. ஆமா, எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருக்கு. வலிச்சா எடது கையத் தூக்குங்க, ஒடனே நிறுத்திடறேன்.

அது டிரில்லுப்பா. சத்தந்தான் பெருசு, மத்தபடி சாது. உங்கள மாதிரி.

பல்லுன்னா முழுக்கக் கல்லு இல்ல, தெரியுமா? வெளியதான் கெட்டி. உள்ள சின்னதா ஒரு ரூம் இருக்கு. அதுலேருந்து வேர் நுனி வரைக்கும் நூல் மாதிரி பாதை போகும். அதுக்குள்ளதான் நரம்பு, ரத்தம் எல்லாம். உங்க பல்லுல விழுந்த சொத்தை அந்த ரூம் வரைக்கும் போயிருச்சு. கிருமி உள்ள பூந்ததும் நரம்பு வீங்கும். கைல வீங்கினா தோலு விரிஞ்சு குடுக்கும். பல்லு குடுக்குமா? சுத்திலும் சுவரு. அதான் உயிர் போற வலி. அந்த வலியோடதான் நீங்க எங்கிட்ட போன்ல, நல்லாருக்கேம்மா, சாப்பிட்டேம்மான்னு பேசியிருக்கீங்க.

அப்புறம் ஒரு நாள் வலி பட்டுன்னு நின்னிருக்குமே? தானா சரியாயிருச்சுன்னு குஷியாயிட்டீங்க. சரியாகலப்பா. நரம்பு செத்துப்போச்சு. கத்தறதுக்கு ஆள் இல்ல, அவ்வளவுதான். கிருமி ஜாலியா வேர் வழியா எறங்கி, தாடை எலும்புகிட்ட சீழ் கோத்துக்குச்சு. கன்னம் பன்னு மாதிரி ஆனது அதனாலதான். எக்ஸ்ரேல வேர் நுனில கறுப்பாக் காட்டினேனே, அந்த எடம்தான்.

கை தூக்கறீங்களே, வலிக்குதா? இல்லையா? பின்ன? பொண்ணு பல் டாக்டரா இருந்தும் ஏன் ஒரு வார்த்த சொல்லலன்னு சண்ட போடுவேன்னு பயமா? போடல. கைய எறக்குங்க.

ஆ, தொறந்தாச்சு. இது ஃபைல். ஊசி மாதிரி மெல்லிசா, ஆனா அரம் மாதிரி சொரசொரன்னு இருக்கும். இத விட்டு உள்ள அழுகிக் கெடக்கறத சுரண்டி எடுக்கறேன். பீப் பீப்புன்னு கேக்குதே, வேர் நுனி வந்திருச்சு, இதுக்கு மேல போகாதன்னு மிஷின் சொல்லுது. இந்தப் பல்லுல மூணு பாதை இருக்கணும். ஒண்ணு. ரெண்டு. மூணாவது எங்க போச்சு... வளைஞ்சு நெளிஞ்சு ஒரு மூலைல ஒளிஞ்சிருக்கு. உங்க பல்லாச்சே, ஒரு விஷயத்துக்கு நேரா வருமா? மாட்டிக்கிச்சு.

இப்ப மருந்துத் தண்ணி. நீச்சல் குளத்து வாசன வரும், பயப்படாதீங்க. மிச்சம் மீதி கிருமியக் கொல்லும். கொஞ்ச நேரம் ஊறணும். நர்சம்மா, நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்.

ஏம்ப்பா மொறைக்கறீங்க? மருந்து ஊறட்டும், நாம பேசிட்டிருப்போம். நாமன்னா நான்தான்.

போன வாரம் சொல்லாமக் கொள்ளாம வீட்டு வாசல்ல வந்து நின்னேனே, சும்மா வந்தேன்னா நெனச்சீங்க? எனக்கொரு போன் வந்துச்சு. கண்ணாடிக் கடைக்காரம்மா. ஆமா, அவங்களேதான். இப்பக்கூட வெளிய உக்காந்து மீன் தொட்டியப் பாத்துக்கிட்டிருக்காங்க. இன்னிக்கு உங்கள வண்டில கூட்டிட்டு வந்தது அவங்கதானே? ஜன்னல் வழியாப் பாத்தேன். அந்தச் சின்ன எடத்துல ஒரே திருப்புல வண்டிய நிறுத்தினாங்க. லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சாம், இன்னும் தெனம் காலைல உங்ககிட்ட கிளாஸுக்கு வர்றாங்களாமே? பாவம், ஹார்ன் அடிக்க மட்டும் வரல போல.

போன்ல என்ன சொன்னாங்க தெரியுமா? உங்கப்பாவுக்குக் கீழ் வரிசைல கடவாப்பல்லும்மா, மாத்திரையா முழுங்கறாரு, ராத்திரி கன்னத்துல கைய வெச்சுக்கிட்டு ஹால்ல நடந்துக்கிட்டே இருக்காரு, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதம்மான்னாங்க. சரிங்கம்மான்னு போன வெச்சுட்டேன். வெச்ச அப்புறந்தான் எனக்கு ஒறச்சுது. ராத்திரி நீங்க ஹால்ல நடக்கறது அவங்களுக்கு எப்படிப்பா தெரியும்? விடியற வரைக்கும் போன்லயே பேசுவீங்களா, இல்ல... வேணாம். நான் உங்க பொண்ணு, அதுக்கு மேல எனக்குத் தெரிய வேணாம்.

ஆடாதீங்க! உள்ள மருந்து இருக்கு.

சிரிச்சேன்ப்பா. அப்புறம் கொஞ்சம் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். அம்மா ஞாபகம் வந்துச்சு. அம்மா போனதுலேருந்து நான் தெனம் அதையேதான் நெனச்சுக்கிட்டு படுப்பேன். நீங்க ராத்திரில எழுந்து நடந்தா, ஏன் நடக்கறீங்கன்னு கேக்க அந்த வீட்ல ஒரு ஆள் இல்லையேன்னு. அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன்.

சரி, ஊறினது போதும். நல்லா காய வெச்சுட்டு, பாதையெல்லாம் ரப்பர் மாதிரி ஒண்ணு வெச்சு அடைக்கறேன். ஊசிமொன அளவு எடம் விட்டாலும் கிருமி திரும்பக் குடி வந்துரும். மேல சிமெண்ட்டு. அவ்வளவுதான். ஷீட்டக் கழட்டியாச்சு, கொப்பளிங்க. பேசாதீங்க, நாக்கக் கடிச்சுப்பீங்க. வவ்வவ்வான்னா எனக்கு என்ன புரியும்?

மரமரப்பு போற வரைக்கும் எதுவும் சாப்பிட வேணாம். நாளைக்குக் கொஞ்சம் வலிக்கலாம், மாத்திரை தர்றேன். அப்புறம் ரெண்டு வாரம் கழிச்சு வந்து பல்லு மேல உறை மாதிரி ஒரு கேப் போட்டுக்கணும், இல்லன்னா கடிக்கறப்ப பல்லு உடைஞ்சிரும். என்னக் கேட்டா கல்யாணத்துக்கு முன்னாடியே போட்டுக்கறது நல்லது. போட்டோல சிரிக்கணுமில்ல?

யாருக்குக் கல்யாணமா? நல்லாக் கேட்டீங்க போங்க. நேத்து கண்ணாடிக் கடைக்காரம்மா இங்க வந்திருந்தாங்க, ஒரு பல்லு வலியும் இல்லாம. உங்கப்பா எங்கிட்ட கேட்டுட்டாரும்மா, உனக்குத் தெரியாம நான் பதில் சொல்றதா இல்லன்னு சொல்லிட்டேன், அவரும் உங்கிட்ட சொல்லாம இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்துக்கிட்டே இருக்காருன்னாங்க. அதனால நீங்க இப்ப எங்கிட்ட சொல்லிட்டீங்க, நானும் சரின்னுட்டேன். அந்த வவ்வவ்வா அதுதான். போய் அவங்க பதிலக் கேட்டுக்கங்க.

ஐயோ, கண்ணத் தொடைங்கப்பா மொதல்ல. வெளிய இன்னும் மூணு பேஷண்ட் உக்காந்திருக்காங்க. நீங்க இப்படி அழுதுக்கிட்டே போனீங்கன்னா ஒருத்தர் மிஞ்ச மாட்டாங்க.